மனசுக்கு ஒரு ஆப்: காசு கட்டலாமா, வேண்டாமா?



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், பெர்சனல் லோன்னு பேசுவோம். இன்னிக்கு எடுத்திருக்கிற விஷயம் கொஞ்சம் வேற. ஆனா இதுலயும் உங்க சம்பளப் பணம் இருக்கு, அதைவிட முக்கியமா நீங்க இருக்கீங்க. அதனால முழுசா படிச்சுடுங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் மாசக் கடைசியில, வருஷக் கணக்குப் பார்க்கலாம்னு பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வெச்சு உட்கார்ந்தேன். நடுவுல 3,499 ரூபாய் ஒரு ஆட்டோ டெபிட். என்னன்னே தெரியல. தேடிப் பார்த்தா, போன வருஷம் நான் வாங்கின ஒரு மனநல ஆப். தானா ரினியூ ஆகியிருக்கு. ஒரு நாள் முன்னாடியே "நாளைக்கு பணம் எடுக்கப் போறோம்"னு மெசேஜும் வந்திருக்கு. நான்தான் பார்க்கல. ஊருக்கெல்லாம் "சப்ஸ்கிரிப்ஷனை செக் பண்ணுங்க"ன்னு வீடியோ போடுற ஆளோட லட்சணம் இது!

அந்த ஆப்பை ஏன் வாங்கினேன்னு சொல்லணும். அப்போ நான் ஐடி வேலையில இருந்தேன். ப்ராஜெக்ட் முடிஞ்சு ரெண்டரை மாசம் பெஞ்ச்ல உட்கார வெச்சாங்க. வேரியபிள் பே வரல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வராது, காலையில எழுந்திரிக்க மனசு வராது. அம்மா போன் பண்ணா எடுக்க மாட்டேன், அப்புறம் "மீட்டிங்ல இருந்தேன்"னு ஒரு பொய் மெசேஜ். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் மெயில்ல வரும், திறக்கவே மாட்டேன். ஒரு நாள் நடுராத்திரி விளம்பரத்துல இந்த ஆப் வந்துச்சு. மாசக் கட்டணத்தைவிட வருஷக் கட்டணம் லாபமா தெரிஞ்சுது. கட்டிட்டேன். மொத்தம் ரெண்டே செஷன். அதுக்கப்புறம் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை.

"இதெல்லாம் ஏமாத்து வேலை, நமக்கு செட் ஆகாது"ன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த முடிவு தப்பு. ஏன் தப்புன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

இது நிஜமாவே வேலை செய்யுமா?

முதல்ல ஆதாரத்தைப் பார்ப்போம். ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது பழைய ரிட்டர்ன் பார்க்கிற மாதிரி.

ஆன்லைன் மனநல சிகிச்சை நேத்து வந்த ஸ்டார்ட்அப் ஐடியா கிடையாது. ஆஸ்திரேலியாவுல, ஆஸ்திரேலியன் நேஷனல் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 'மூட்ஜிம்'னு ஒரு வெப்சைட்டை 2000களின் தொடக்கத்துலயே உருவாக்கிட்டாங்க. 525 பேரை வெச்சு அவங்க நடத்தின சோதனையோட முடிவு 2004ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வெளியாச்சு. மனச்சோர்வோட அறிகுறிகள் குறைஞ்சது தெரிஞ்சுது. அந்தச் சோதனையில ஒரு முக்கியமான விஷயம், கலந்துகிட்டவங்களை வாரா வாரம் ஒருத்தர் போன்ல கூப்பிட்டுப் பேசினாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து 2015. இங்கிலாந்துல 691 நோயாளிகளை வெச்சு ஒரு பெரிய சோதனை. அதே மூட்ஜிம், கூடவே 'பீட்டிங் தி ப்ளூஸ்'னு இன்னொரு ப்ரோகிராம். வழக்கமான டாக்டர் சிகிச்சையோட இதைச் சேர்த்துக் கொடுத்தா கூடுதல் பலன் இருக்கான்னு பார்த்தாங்க. நாலு மாசம் கழிச்சுப் பார்த்தா, பெருசா ஒண்ணும் இல்லை. காரணம் என்ன தெரியுமா? யாரும் முடிக்கல. பீட்டிங் தி ப்ளூஸ்ல எட்டு செஷனையும் முடிச்சவங்க 18 சதவீதம். மூட்ஜிம்ல ஆறு செஷனையும் முடிச்சவங்க 16 சதவீதம். மூட்ஜிம்ல ஒரு சராசரி ஆள் பார்த்தது ஒரே ஒரு செஷன். அந்தக் கணக்குல பார்த்தா ரெண்டு செஷன் பார்த்த நான் கொஞ்சம் கெட்டிக்காரன்!

இதே குழு அப்புறம் இன்னொரு சோதனை பண்ணாங்க. இந்தத் தடவை மூட்ஜிம்மோட சேர்த்து, பயிற்சி பெற்ற ஒருத்தர் போன்ல வழிகாட்டினார். 2017ல வந்த முடிவுல, போன் உதவி கிடைச்சவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிஞ்சுது. பெரிய அதிசயம் இல்லை, ஆனா வித்தியாசம் இருந்துச்சு. ரெண்டு சோதனையிலயும் ப்ரோகிராம் ஒண்ணுதான்.

அதே 2017ல, யாரோட துணையும் இல்லாம தானே செய்யற ப்ரோகிராம்களைப் பத்தின 13 சோதனைகளை, கிட்டத்தட்ட 3,900 பேரோட தகவலை, ஒண்ணா சேர்த்து அலசினாங்க. பலன் இருக்கு, ஆனா சின்னது. எட்டு பேர் பயன்படுத்தினா, கூடுதலா ஒருத்தருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். யாரு அதிகமா செஷன்களை முடிச்சாங்களோ அவங்களுக்குப் பலனும் அதிகமா இருந்துச்சு.

2021ல வந்த ஒரு ஆய்வு இன்னும் தெளிவு. 39 சோதனைகள், 9,751 பேர். வழிகாட்ட ஒரு மனுஷர் இருக்கிற ஆன்லைன் சிகிச்சை, தனியா பண்றதைவிட மேல். ஆனா லேசான சோர்வு இருக்கிறவங்களுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோர்வு அதிகமாக அதிகமாக, அந்த மனுஷரோட தேவையும் அதிகமாகுது.

ஆக, "வேலை செய்யுமா?"ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யாருக்கு, எந்த நிலைமையில, யார் துணையோடங்கிறதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

உள்ளே என்ன நடக்குது?

பெரும்பாலான ஆன்லைன் ப்ரோகிராம்களோட அடிப்படை சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாத்துற சிகிச்சை முறை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960கள்ல வளர்த்தெடுத்தது. இதுல மேஜிக் எதுவும் இல்லை. பகுதி பகுதியா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல் பகுதி, செயல். மனசு சோர்ந்து போனா நாம என்ன பண்றோம்? ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா போறதில்லை, கிரிக்கெட் விளையாடப் போறதில்லை, சமைக்கிறதில்லை, ஸ்விக்கில ஆர்டர் போட்டுட்டு படுத்துடறோம். அந்த நேரத்துக்கு நிம்மதியா இருக்கும். ஆனா நல்லா உணர வெக்கிற விஷயங்கள் ஒவ்வொண்ணா வாழ்க்கையிலிருந்து கழண்டு போகுது. அதனால இன்னும் சோர்வு. அதனால இன்னும் படுக்கை. இந்தச் சுழலை நடுவுல வெட்டுறதுதான் வேலை. "மனசு சரியானதும் நடப்பேன்"னு காத்திருக்காம, "சனிக்கிழமை காலை 7 மணிக்கு பால் வாங்க நடந்து போவேன்"னு நேரம் குறிச்சு, போயிட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு பத்துக்கு மார்க் போடணும். மூடு வந்தாலும் வராட்டியும் போகணும். மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும் 5ஆம் தேதி எஸ்ஐபி போற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இது சின்னப் புள்ளைங்க சமாச்சாரம் மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா கோவாவுல, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேர் கலந்துகிட்ட ஒரு சோதனையில, இதே முறையைத்தான் பயன்படுத்தினாங்க. பேசினவங்க டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண உள்ளூர் ஆட்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள், அவ்வளவுதான். ஓரளவு கடுமையான சோர்வு இருந்தவங்களுக்கே பலன் கிடைச்சுது. 2017ல லான்செட்ல வந்த ஆய்வு இது. அது நேர்ல நடந்தது, ஆனா முறை இதே முறைதான்.

ரெண்டாவது பகுதி, எண்ணம். அப்ரைசல்ல 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'னு வருது. மனசு உடனே சொல்லும்: "நான் எதுக்கும் லாயக்கில்லை, அடுத்த லேஆஃப்ல என் பேருதான் முதல்ல." ப்ரோகிராம் என்ன பண்ணும்னா, இதை எழுத வெக்கும். ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன, இதே நிலைமையில உங்க டீம்மேட் இருந்தா அவருகிட்ட என்ன சொல்லுவீங்கன்னு கேக்கும். "எல்லாம் நல்லதுக்கே"ன்னு நினைச்சுக்கச் சொல்றது இல்லை இது. ஆடிட்டர் கணக்கு சரிபார்க்கிற மாதிரி, வவுச்சர் இல்லாத செலவை ஏத்துக்க மாட்டேன்னு சொல்றது.

மூணாவது, பிரச்சனையைத் துண்டு துண்டா உடைக்கிறது. நான் திறக்காம விட்ட அந்த கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் இருக்கே, அது நல்ல உதாரணம். மாசம் 3.5 சதவீத வட்டின்னு வெச்சா வருஷத்துக்கு 42 சதவீதம். சோர்வுனால தள்ளிப் போட்டேன், தள்ளிப் போட்டதால கடன் ஏறிச்சு, கடன் ஏறினதால சோர்வு ஏறிச்சு. "கடனை அடைக்கணும்"னு நினைச்சா மலையா தெரியும். "இன்னிக்கு மெயிலைத் திறந்து, மொத்தத் தொகையை ஒரு பேப்பர்ல எழுதணும்"னா செய்ய முடியும்.

நாலாவது, விசாரிக்க ஒருத்தர். "போன வாரம் நடக்கப் போறேன்னு சொன்னீங்களே, போனீங்களா?"ன்னு கேக்க ஒரு ஆள் இருக்கணும். வீடியோ காலா, போனா, மெசேஜாங்கிறது ரெண்டாம் பட்சம்.

இன்னொரு தகவல். 2021ல லான்செட் சைக்கியாட்ரில வந்த ஒரு ஆய்வு, 76 சோதனைகளை எடுத்து, ஆன்லைன் சிகிச்சையோட எந்தப் பாகம் உதவுது, எது உதவலைன்னு பிரிச்சுப் பார்த்தது. மேல சொன்ன செயல் பகுதி உதவுற பக்கம் வந்துச்சு. ரிலாக்ஸேஷன் பயிற்சி அந்தப் பக்கம் வரல. நான் வாங்கின ஆப்ல என்ன அதிகமா இருந்துச்சு தெரியுமா? மழைச் சத்தம், கடல் அலைச் சத்தம், மூச்சுப் பயிற்சி. தூங்கறதுக்கு நல்லா இருக்கும். ஆனா நான் காசு கொடுத்தது அதுக்கு இல்லை.

என் கருத்து: கன்டென்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க, ஆளுக்குக் கொடுங்க

நான் டாக்டர் இல்லை. பணத்தைப் பத்தி எழுதுறவன். அந்த இடத்திலிருந்து சொல்றேன்.

"ஒரு தெரபி செஷனுக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கேக்கிறாங்க. ஆப் அதைவிட எவ்வளவோ சீப். ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல்தானே?"ன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்வி. லேசான சோர்வுக்கு, ஆமா, மேல்தான். ஆனா அதுக்கும் மேல போயிட்டவங்களுக்கு நஷ்டம் 3,499 ரூபாய் மட்டும் இல்லை. நான் என்ன பண்ணேன்? ரெண்டு செஷன்ல விட்டுட்டு, "ட்ரை பண்ணிட்டேன், எனக்கு ஒத்து வராது"ன்னு கதவையே சாத்திட்டேன். அதுக்கப்புறம் ஏழு மாசம் யாரையும் பார்க்கல. அந்த ஏழு மாசத்துல ரெண்டு இன்டர்வியூவுக்குப் போகாம விட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாம போனது பத்து நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அதுக்கெல்லாம் எந்த எக்ஸெல் ஷீட்ல கணக்குப் போடறது?

"எனக்கு ப்ராப்ளமே லோன்தான், ஆப் வந்து இஎம்ஐ கட்டுமா?"ன்னும் கேப்பீங்க. கட்டாது. வேலைப் பளு, கடன், மோசமான மேனேஜர் இதையெல்லாம் எந்த சிகிச்சையும் மாத்தாது. ஆனா அந்த இஎம்ஐயைப் பத்தி பேங்க்ல போய்ப் பேசறதுக்கு, வேற வேலை தேடறதுக்கு, வீட்டுல உண்மையைச் சொல்றதுக்கு எழுந்து உட்காரத் தெம்பு வேணுமே. அதுக்குத்தான் இது.

சரி, நடைமுறையில என்ன பண்ணலாம்?

1. முதல்ல அளந்து பாருங்க. பிஹெச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள், இலவசம். கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லிருந்து 3 மார்க், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15க்கு மேல கடுமையை நோக்கிப் போகுது. இது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லை, தெர்மாமீட்டர் மாதிரி. 10க்குக் கீழ இருந்தா தானே செய்யற ப்ரோகிராமை முயற்சி பண்ணலாம். 10ஐத் தாண்டினா ஒரு ஆள் துணை வேணும். 15க்கு மேல போனா நேரா டாக்டர்தான். ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுடலாம்ங்கிற எண்ணத்தைப் பத்தினது. அதுக்கு 0 தவிர வேற எந்தப் பதில் வந்தாலும், மொத்த மார்க்கைப் பார்க்காதீங்க. அன்னிக்கே ஒரு டாக்டர்கிட்ட பேசுங்க.

2. காசில்லாத வழிகளை முதல்ல பயன்படுத்துங்க. மத்திய அரசோட டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபர்ல தொடங்கினது, 24 மணி நேரமும் இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசலாம். உங்க கம்பெனில ஊழியர் கவுன்சிலிங் வசதி இருக்கான்னு எச்ஆர் போர்ட்டல்ல பாருங்க. பல பெரிய கம்பெனிகள்ல வருஷத்துக்குச் சில செஷன் இலவசம். நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நான் பேசற தகவல் கம்பெனிக்குப் போகுமான்னு முதல் கால்லயே கேட்டுடுங்க.

3. காசு கொடுக்கிறதா இருந்தா, வருஷப் ப்ளான் வேண்டாம். மாசா மாசம் கட்டுங்க, ஆட்டோ டெபிட்டை ஆஃப் பண்ணுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசற ஒரு மனுஷர் இருக்காரான்னு பாருங்க. அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவுல பதிவு இருக்கணும். பதிவு எண் கேளுங்க. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கிட்ட லைசன்ஸ் கேக்கிற நாம, இதுல ஏன் கூச்சப்படணும்?

4. ஸ்டாப் லாஸ் வையுங்க. தொடங்கும்போதே ஒரு தேதி குறிங்க, ஆறு வாரம் கழிச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்க. 5 மார்க்காவது குறைஞ்சா நல்ல அறிகுறி. குறையலைன்னா, "எனக்கு ஒத்து வரல"ன்னு மொத்தத்தையும் விடாதீங்க. அந்த ஃபண்டிலிருந்து வெளிய வாங்க, மார்க்கெட்டை விட்டே ஓடாதீங்க. அடுத்த படி மனநல மருத்துவர். மாத்திரை தேவையான்னு அவர் முடிவு பண்ணட்டும். மார்க் ஏறிக்கிட்டே போனா ஆறு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

5. பாலிசியைப் படிங்க. 2017ஆம் வருஷ மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுக்கிற அதே அடிப்படையில மன நோய்க்கும் காப்பீடு கொடுக்கணும். ஆனா நம்ம பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் பணம் கொடுக்கும். கவுன்சிலிங் செலவு வேணும்னா ஓபிடி கவர் இருக்கான்னு பார்க்கணும்.

6. உங்க ரகசியத்துக்கும் விலை இருக்கு. அமெரிக்காவோட பெடரல் டிரேட் கமிஷன் 2023ல பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தை 78 லட்சம் டாலர் கட்ட வெச்சுது. காரணம், வாடிக்கையாளர்களோட தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி நிறுவனங்களோட பகிர்ந்துகிட்டாங்கங்கிற குற்றச்சாட்டு. அதனால ஆபீஸ் மெயில் ஐடில லாகின் பண்ணாதீங்க. கான்டாக்ட், லொகேஷன் பெர்மிஷன் கேட்டா மறுத்துடுங்க.

அப்புறம் நான் என்ன பண்ணேன்?

அந்த ரெண்டாவது 3,499 ரூபாய் போனதைப் பார்த்த அன்னிக்கு வந்த கோபத்துலதான் கம்பெனி கவுன்சிலிங் நம்பரைத் தேடினேன். வாரம் ஒரு வீடியோ கால், 45 நிமிஷம். முதல் ஆறு கால் கம்பெனி கணக்கு, அடுத்த ரெண்டு என் காசு. ரெண்டு கால் சேர்த்து 2,400 ரூபாய். அவங்க சொல்லிக் கொடுத்ததுல பாதிக்கு மேல அந்த ஆப்லயே இருந்த விஷயம்தான். ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர் "என்ன ஆச்சு?"ன்னு கேப்பாங்கங்கிறதாலயே, புதன்கிழமை ராத்திரி ஹோம்வொர்க்கை முடிச்சேன்.

மூணாவது வாரம், கால்ல இருக்கும்போதே அந்த கிரெடிட் கார்டு மெயிலைத் திறந்தேன். 61,000 ரூபாய் பாக்கி. நான் மனசுல ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும்னு நினைச்சு பயந்துகிட்டிருந்தேன். இஎம்ஐயா மாத்தி ஒரு வருஷத்துல கட்டி முடிச்சேன். பிஹெச்க்யூ மார்க் 14ல தொடங்கி எட்டாவது வாரம் 6க்கு வந்துச்சு. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு மாத்திரை தேவைப்படும், சிலருக்கு இன்னும் நாள் ஆகும். அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

உங்க போன்லயும் இப்படி ஒரு ஆப் திறக்காம கிடக்கலாம். இன்னிக்கே ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்க. ரெண்டு, அந்த ஒன்பது கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்க. உங்களுக்கு இல்லைன்னாலும், கொஞ்ச நாளா லஞ்சுக்குத் தனியா போற டீம்மேட் யாராவது இருந்தா, "சாப்பிடப் போலாமா?"ன்னு கூப்பிடுங்க.

வாழவே வேண்டாம்னு எண்ணம் வந்தா, எந்த நேரமா இருந்தாலும் 14416க்கு அடிங்க, இல்லைன்னா பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியா இருக்காதீங்க.

அடுத்த வாரம் ஓபிடி கவர் பத்தி ஒரு முழு வீடியோ வருது. அதுவரைக்கும் பணத்தையும் பார்த்துக்கோங்க, உங்களையும் பார்த்துக்கோங்க.